தாத்தாவுக்கும் எனக்கும் ஒரே மாத்திரை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது டிரான்ஸ்ஃபார்மர் பற்றியோ சூரிய மின்சக்தி பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதை எழுத நம் துறையில் பல பேர் இருக்கிறார்கள். இதை எழுத யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். பெண்கள் சமாச்சாரம் என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் அக்கா, தங்கை இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அதனால் ரேஷன் கார்டு மனு முதல் ஆஸ்பத்திரி சீட்டு வரை படித்துச் சொல்வது என் வேலை. போன வருடம் என் ஸ்கேன் ரிப்போர்ட்டையே நான் படித்துச் சொல்ல வேண்டி வந்தது. 'பாலிசிஸ்டிக் ஓவரி' என்று போட்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் அதை 'நீர்க்கட்டி' என்றார்கள். கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா, "ஆபரேஷன் பண்ணணுமா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மின். தாத்தா சர்க்கரை நோய்க்குப் பல வருடமாகப் போடுகிற அதே மாத்திரை! 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கிய பிறகு அவருக்கு அது வீட்டுக்கே வருகிறது. "பதினெட்டு வயசுல சுகர் மாத்திரையா? வெளிய தெரிஞ்சா யாருடி பொண்ணு கேட்டு வருவாங்க?" என்று அம்மா என் அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார்.

அவருக்கு விளக்குவதற்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரே சரியில்லை என்பேன். 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களை ஆராய்ந்து இதைப் பற்றி எழுதினார்கள். சூலகத்தில் நீர்க்குமிழி போலப் பல தெரிந்ததால் 'சிஸ்ட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முட்டையைச் சுமக்கும் சின்னப் பைகள், பாதி வளர்ந்து நின்றுபோனவை. அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் பாதியில் நிற்கின்றன? இங்கேதான் இன்சுலின் வருகிறது. நம் ஊரில் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். லைனில் 170 வோல்ட் வந்தாலும் ஸ்டெபிலைசர் அதைத் தூக்கி டி.வி.க்கு 230 கொடுத்துவிடும். டி.வி. ஒழுங்காக ஓடும், ஆனால் ஸ்டெபிலைசர் லைனிலிருந்து கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாகிக்கொண்டிருக்கும். இன்சுலின் எதிர்ப்பு என்பதும் இப்படித்தான். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் உத்தரவுதான் இன்சுலின். அந்த உத்தரவு தசைக்கும் கல்லீரலுக்கும் சரியாக ஏறவில்லை என்றால், கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து சமாளிக்கும். வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை நார்மல் என்றே வரும். எனக்கு 92 வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது 156. அது 140-க்குள் இருக்க வேண்டும். 200 ஆனால் சர்க்கரை நோய். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

கூடுதலாகச் சுரந்த இன்சுலின் சும்மா இருக்குமா? தசைதான் செவிடாகிவிட்டதே தவிர, சூலகத்துக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரஜன்களை அதிகம் தயாரிக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் இவை கொஞ்சம் உண்டு. இங்கே அளவு கூடுகிறது. போதாததற்கு, டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதும் இன்சுலினால் குறைகிறது. விளைவு, முகத்தில் முடி, பரு, வெளிவராத முட்டை, மாதக்கணக்கில் வராத விலக்கு. கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுப்பதும் இந்த இன்சுலினால்தான். அதை அழுக்கு என்று தேய் தேய் என்று தேய்த்த தோழிகளை எனக்குத் தெரியும். மீசை என்று கேலி பேசிய தோழர்களையும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

எல்லோருக்கும் காரணம் இது ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. பரம்பரையும் உண்டு, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நம் கல்லூரியில் நான் ஒருத்தி மட்டும் இருக்க முடியாது.

இனி சாப்பாடு. பத்திரிகைகளில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் என்று எழுதுகிறார்கள். எங்கள் அடுப்பில் வேகுவது ரேஷன் அரிசி. இந்த நோய்க்கென்று தனியாக ஓர் உணவுமுறை மற்றவற்றைவிட உயர்ந்தது என்று இன்னும் நிரூபணமாகவில்லை என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே கூறுகிறது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. 100 கிராம் அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். அதனால் நான் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கீரை என்று கிடைப்பதை வைத்தேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். கேழ்வரகு நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, வெல்லமும் போட்டுக் குடித்தால் அதுவும் சீக்கிரமே சர்க்கரையாக ஏறிவிடும். காலையில் பட்டினி கிடந்துவிட்டு நாலு மணிக்கு கேட் எதிரே பப்ஸும் கிரீம் பன்னும் சாப்பிடுகிற நம் வழக்கம்தான் படு மோசம்.

எடை கூடுதலாக இருப்பவர் 5 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியலாம். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. குறையாவிட்டாலும் நடப்பதை விடாதீர்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உத்தரவு இல்லாமலேகூடச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் பஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கிவிடுகிறேன்.

மெட்ஃபார்மின் 1922-லேயே செய்யப்பட்டது. 1957-ல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்பவர் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். அது கணையத்தைச் சுரக்கச் சொல்லி விரட்டாது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும். அதனால் இன்சுலின் தேவையும் குறையும். தாத்தாவுக்கும் எனக்கும் நோய் வேறு, அந்த ஓட்டை ஒன்று. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா அட்டையை வெளியே எடுத்தார். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் புரட்டும், பேதியாகும். அதனால்தான் 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு கொடுத்து, மெதுவாகக் கூட்டுவார்கள். வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு பி12 குறையலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்து முடிக்கு இது பெரிதாக உதவாது. அதற்கும் விலக்கை ஒழுங்குபடுத்தவும் பொதுவாகக் கருத்தடை மாத்திரை கொடுப்பார்கள். பெயரைக் கேட்டு வீட்டில் சண்டை வரும். இங்கே அது ஹார்மோனைச் சமப்படுத்தும் மருந்து. ஆனால் ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறையும் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தோழியின் அட்டையிலிருந்து இரண்டைக் கிள்ளிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று எங்களை ஓர் இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். கல்யாணத்துக்கும் கணையத்துக்கும் சம்பந்தம் இல்லை. மாதக்கணக்கில் விலக்கு வராமலே இருந்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். ஆகவே 90 நாள் தாண்டினால் காத்திருக்காதீர்கள். தைராய்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பூப்பெய்தி எட்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல். நம் வயதுக்கு ஸ்கேனைவிடக் காலண்டர்தான் பெரிய சாட்சி. தேதிகளைக் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். ஓ.பி.யில் கேட்கிற முதல் கேள்வியே, "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?" என்பதுதான்.