பூவா தலையாவும் பட்டாணியும்

போன வாரம் அறிவியல் வகுப்பில் நான் மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். எப்படி மாட்டினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மெண்டல் 1856 முதல் 1863 வரை புரூன் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். (அந்த ஊர் இன்று செக் நாட்டில் இருக்கிறது.) உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அடுத்த தலைமுறையில் 7324 விதைகளை எண்ணினார். எங்க பாட்டி ஒரு படி பருப்பில் கல் பொறுக்கவே சலித்துக்கொள்வாங்க! 5474 உருண்டை, 1850 சுருக்கம். கிட்டத்தட்ட 3க்கு 1.

ஏன் 3க்கு 1? கலப்புச் செடியிடம் இரண்டு காரணிகள் உண்டு. மகரந்தத்துக்கு ஒன்றுதான் போகும், சூலுக்கும் ஒன்றுதான். எது போகும் என்பது பூவா தலையா மாதிரி. இரண்டு நாணயமும் பூ விழ நான்கில் ஒரு வாய்ப்பு. அதுதான் சுருங்கிய விதை.

இரண்டு நாணயங்களை 100 தடவை வீதம் மூன்று சுற்று போடச் சொன்னார் சார். நான் 40 தடவை போட்டேன், மணி அடிச்சிடுச்சு. மீதியை நானே நிரப்பினேன். 75:25, 74:26, 75:25. சார் பார்த்தவுடன் சிரித்தார். "நாணயம் உனக்கு இவ்வளவு பயப்படாதும்மா" என்றார். 100க்குச் சரியாக 75 விழ வாய்ப்பே நூற்றில் சுமார் 9தானாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் சார் ஒன்று சொன்னார். மெண்டல் மேலேயே இந்தச் சந்தேகம் வந்ததாம்! 1936இல் பிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் மெண்டலின் எல்லா எண்களையும் சேர்த்துச் சோதித்தார். கணக்கோடு அவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போக லட்சத்தில் 7 வாய்ப்புதான் என்று கண்டார். ஆனால் மெண்டலை அவர் குற்றம் சொல்லவில்லை. என்ன விடை வரணும் என்று தெரிந்த உதவியாளர் யாராவது செய்திருக்கலாம் என்றார். (என்னை மாதிரி ஒருத்தர்!) 3க்கு 1 விதி மட்டும் தப்பில்லை. 1900க்குப் பிறகு பலர் செய்து பார்த்து அதே விகிதத்தைக் கண்டார்கள்.

பிஷர் பயன்படுத்தியது கை வர்க்கச் சோதனை. கை என்றால் நம்ம கை இல்லை, கிரேக்க எழுத்து. கிடைத்த எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் செய்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டணும். நம்ம மாதிரி இரண்டே வகை என்றால் விடை 3.84ஐத் தாண்டினால் சந்தேகப்படணும். ஆனால் விதி சரியாக இருந்தாலும் நூற்றில் 5 தடவை சும்மாவே தாண்டும். இன்று கணினியில் 20,000 மரபணுக்களை ஒரே நேரத்தில் சோதிக்கிறார்கள். அதில் 5 சதவீதம் என்றால் 1000 பொய் விடை! அதனால் அங்கே எல்லையை இன்னும் ரொம்பக் கடுமையாக வைக்கிறார்கள்.

சனிக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து நிஜமாகவே 100 தடவை போட்டேன். 81:19 வந்தது. 36ஐ 75ஆல் வகுத்தால் 0.48, 25ஆல் வகுத்தால் 1.44. கூட்டினால் 1.92. 3.84க்குள்தான் இருக்கு!

இன்னும் இரண்டு சுற்று பாக்கி. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் போடுவேன். எண்ணி எழுத ஒருத்தர் வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி