முதல் கைத்துப்பாக்கி: கைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் அரசமைப்பு உரிமை என்று 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கிலும், தற்காப்புக்காக அதை வெளியே எடுத்துச் செல்வதும் அவ்வுரிமைக்குள் அடங்கும் என்று 2022ஆம் ஆண்டு புரூயன் வழக்கிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையைப் பற்றிய வாதம் ஒருபுறம் நீடிக்க, எதை வாங்குவது என்ற நடைமுறைக் கேள்வியுடன் கடைக்கு வரும் புதியவர் பெரும்பாலும் அளவில் சிறியதையோ ஆற்றலில் பெரியதையோ தேடுகிறார். சுடுதளங்களில் நெடுங்காலம் பயிற்றுவித்தவர்களின் அனுபவமோ, வாங்குபவரின் கை எதைச் சிரமமின்றி இயக்குகிறது, எதைக் கொண்டு அவர் சலிக்காமல் பயிற்சி செய்வார் என்பவற்றையே முதலில் பார்க்கச் சொல்கிறது.

தற்காப்புக்கு வாங்கப்படும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இருவகையின. சுழலும் உருளையின் அறைகளில் ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களை வைத்துச் சுடும் ரிவால்வர் ஒன்று; கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசின் எனும் தோட்டாப் பெட்டியிலிருந்து, ஒவ்வொரு முறை சுட்டதும் ஸ்லைடு எனும் மேற்பகுதி பின்சென்று திரும்புகையில், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் மற்றொன்று. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி அழுத்தினால் போதும். பிஸ்டலிலோ மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, கோளாற்றை நீக்கக் கற்றிருக்க வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டாலே பிஸ்டல் காலியாகிவிட்டது என்று நினைப்பதைப் போல உயிர்க்கேடான பிழை புதியவர்களிடம் வேறில்லை. குழலின் பின்னுள்ள அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஸ்லைடைப் பின்னிழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்வது ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டிய ஒழுங்காகும்.

கடைகளில், அதிலும் பெண்களுக்கு, அடிக்கடி கூறப்படும் அறிவுரை ஒன்று உண்டு: கைப்பையில் அடங்கும் எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வரை வாங்குங்கள் என்பது. இதைவிடத் தவறான தொடக்கத்தைக் கற்பனை செய்வது கடினம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 போன்ற அலுமினிய உடல் கொண்ட ரிவால்வர் ஏறத்தாழ 425 கிராம்தான் எடையுள்ளது; அதன் விசையை இறுதிவரை அழுத்தவோ 5 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தைத் தாங்கும் கருவி, பழகாத விரலின் கீழ் அசையாமல் நிற்பதில்லை. குழல் குறுகியது என்பதால் முன்குறியும் பின்குறியும் நெருங்கி அமைந்து, இம்மியளவு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரிகிறது. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு, அதாவது தோட்டா முன்னே பாய்கையில் கையை நோக்கி வரும் எதிர்த்தாக்கு, கூடிக்கொண்டே போவதால், ஒரு பெட்டித் தோட்டா தீருமுன்பே உள்ளங்கை வலிக்கத் தொடங்கி, அதைச் சுமப்பவர் சுடுதளத்தின் பக்கமே போகாதவராகிவிடுகிறார். சிறிய ரிவால்வர் தேர்ந்த கைகளுக்கு உரியது.

பிஸ்டலைத் தேர்வோர் தடுமாறும் இடம் ஸ்லைடு. அதைத் தாங்கும் சுருள்வில் வலுவானது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுப்பவரால் அது நகர்வதில்லை. இடக்கையின் உள்ளங்கையையும் நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேல் கவித்துப் பிடித்து, துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொணர்ந்து, குழல்முனையைப் பாதுகாப்பான திசையிலேயே நிறுத்தி, இடக்கையைப் பின்னிழுக்கும் அதே நேரத்தில் வலக்கையால் கைப்பிடியை முன்னே தள்ளினால், முதியவர் பலராலும் அதை இயக்க முடிகிறது. அப்போதும் இயலாதவர்களுக்கென, 2018ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள ஷீல்ட் ஈஸி போன்ற, மென்மையான சுருள்வில் கொண்ட வகைகள் இருக்கின்றன. பல சுடுதளங்களில் வெவ்வேறு துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்க இயலும் என்பதால், நான்கைந்தை அவ்வாறு சோதிக்காமல் ஒன்றை வாங்குவது வீண் செலவு.

தோட்டாவின் பருமனைப் பற்றிய சர்ச்சை நீளமானது, பயன் குறைவானது. 1986ஆம் ஆண்டு மயாமியில் தன் அலுவலர் இருவரை இழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின் பெரிய தோட்டாக்களை நாடிய எப்.பி.ஐ., 2010களின் நடுப்பகுதியில் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. முதல் துப்பாக்கிக்கும் அதுவே போதும். பயிற்சிக்கு விலை குறைந்த முழு உறைத் தோட்டாவும், தற்காப்புக்கு உடலில் பட்டதும் விரிந்து, ஊடுருவி வெளியேறும் வாய்ப்பைக் குறைக்கும் குழிமுனைத் தோட்டாவும் ஏற்றவை. ஆயினும் வீட்டறைகளைப் பிரிக்கும் ஜிப்சம் பலகைச் சுவரை இரண்டுமே துளைத்துச் செல்லும் என்பதால், சுவருக்கு அப்பால் யார் உறங்குகிறார் என்பதை முன்னரே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கும் மறைத்துச் சுமப்பதற்கும் ஒன்றே போதுமா என்றால், 1988ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் கிளாக் 19 போன்ற நடுத்தர அளவு இரண்டுக்கும் ஓரளவு ஒத்துப்போகிறது. 15 தோட்டா கொள்ளும் அது மெல்லிய உடையில் புடைத்துத் தெரியும் எனக் கருதுவோர், 2018ஆம் ஆண்டு வந்த சிக் சாவர் பி365 போன்ற சிறியதை நாடலாம். துப்பாக்கிக்கு இணையான கவனம் அதன் இடுப்பு உறைக்கும் தேவை: விசைப் பகுதியை முழுதும் மூடும் கெட்டியான உறையும், தொய்யாத இடைவாரும் இல்லாமல் சுமப்பது ஆபத்து. கைப்பையில் வைப்பது அதனினும் ஆபத்து. 2014ஆம் ஆண்டு இடாஹோ மாநிலத்தின் கடை ஒன்றில், துப்பாக்கி வைப்பதற்கென்றே தைத்த கைப்பையிலிருந்து அதை எடுத்த இரண்டு வயதுக் குழந்தையின் கையால் அதன் தாய் இறந்தார்.

விற்பனையாளர் பேசத் தயங்கும் செய்தியும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள்; கலிபோர்னியாவில் நடந்து 2020ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வு, கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம் மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்றும், பெண்களிடையே அது 35 மடங்கு என்றும் கண்டது. வீட்டில் ஒருவர் மனத்துயரில் இருக்கும் காலத்தில் முதல் துப்பாக்கியை வாங்காதிருப்பதே சரியான தேர்வு. மற்ற வீடுகளிலும், எண்களை அழுத்தியதும் திறக்கும் சிறு இரும்புப் பெட்டியைத் துப்பாக்கியுடன் சேர்த்தே வாங்க வேண்டும். தலையணைக்கு அடியும் அலமாரி உச்சியும் குழந்தைகள் அறியாத இடங்கள் அல்ல.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்து, 4473 எனும் கூட்டரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும் என்பது பொது விதி. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மறைத்துச் சுமக்க அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. கலிபோர்னியாவோ கடைகளில் புதிதாக விற்கத்தக்க வகைகளையே பட்டியலிட்டுக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் வாழும் தமிழர் கவனிக்க வேண்டியது: கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம், எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளுக்குள் வந்தாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகும்.