வேடர் இல்லத்தில் கண்ட கொம்புகள்

உலகில் வாழும் பெரிய விலங்குகளைப் பற்றிய கணக்கு என்றோ முடிந்துவிட்டது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆழ்கடலிலும் மண்ணுக்குள்ளும் சிற்றுயிர்கள் பல இன்னும் அறியப்படாமல் இருக்கலாம். ஆனால் மானும் பசுவும் போன்றதொரு விலங்கு அறிவியலாரின் கண்ணிற்படாமல் இத்தனை காலம் வாழ்ந்திருக்க இயலுமா என்பது அவர்தம் வினா. இயலும் என்பதை 1992ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. அது மெய்ப்பிக்கப்பட்ட விதமோ மகிழ்ச்சியோடு வருத்தத்தையும் தருவதாகும். ஓர் உயிரைப் புதிதாக அறிதல் வேறு, அதனைக் காத்தல் வேறு என்னும் உண்மையைச் சாவோலா என்னும் விலங்கின் வரலாற்றைக் கொண்டு நாம் ஈண்டு ஆராய்வோம்.

கண்டறிந்த வரலாறு

வியட்நாம், லாவோஸ் ஆகிய இரு நாடுகளுக்கும் எல்லையாக நீண்டு கிடப்பது அன்னமைட் மலைத்தொடர். மழையும் மூடுபனியும் மிகுந்து, ஈரம் நீங்காத பசுங்காடுகளை உடையது அது. 1992ஆம் ஆண்டு மே மாதத்தில், வியட்நாமின் வனத்துறை அமைச்சகத்தாரும் உலக இயற்கை நிதியத்தாரும் இணைந்து, ஹா தின் மாநிலத்தைச் சேர்ந்த வூ குவாங் காட்டில் ஆய்வு மேற்கொண்டனர். அங்கு வாழும் வேடர்களின் இல்லங்களில் சில கொம்புகள் மாட்டப்பட்டிருந்தன. ஏறத்தாழ நேராக, ஒன்றற்கொன்று இணையாகப் பின்னோக்கி நீண்ட அக்கொம்புகள் அதுவரை அறியப்பட்ட எந்த விலங்கிற்கும் உரியனவாக இல்லை.

மண்டையோடுகள், தோல்கள், பற்கள் ஆகியவற்றை மேலும் திரட்டி ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டு நேச்சர் என்னும் அறிவியல் இதழில் இப்புதிய விலங்கைப் பற்றி எழுதினர். 1937ஆம் ஆண்டில் கம்போடியக் காட்டு மாடாகிய கூப்ரே அறிவியலுக்கு அறிமுகமானது. அதன்பின் அரை நூற்றாண்டிற்கும் மேலாக இத்துணைப் பெரிய நிலவாழ் பாலூட்டி ஒன்று கண்டறியப்பட்டதில்லை.

இங்கு ஒன்றை நாம் மறத்தலாகாது. புதியது என்பது அறிவியலார்க்கு மட்டுமே. மலைவாழ் மக்கள் அவ்விலங்கை நெடுங்காலமாக அறிந்திருந்தனர்; பெயரும் இட்டிருந்தனர். சாவோலா என்னும் சொல் நூல் நூற்கும் இராட்டையின் கூர்த்த கால்களைக் குறிப்பதாகும். அக்கால்களைப் போன்ற கொம்புகளை உடைமையால் அப்பெயர் பெற்றது.

சாவோலாவின் இயல்பு

தோற்றத்தில் மானை ஒத்திருப்பினும், மரபணு ஆய்வின்படி இது மாட்டினத்திற்கு நெருங்கிய உறவுடையது. தோளளவு உயரம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. எடை 80 முதல் 100 கிலோ வரை. கொம்புகள் ஆண், பெண் இரண்டிற்கும் உண்டு. அவை அரை மீட்டர் வரை வளரும். கரும்பழுப்பு நிற முகத்தில் வெண்ணிறக் கோடுகளும் புள்ளிகளும் தீட்டினாற் போல் அமைந்துள்ளன.

லாவோஸ் நாட்டின் மலைமக்கள் சிலர் இதனை மரியாதையுள்ள விலங்கு என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். காட்டினுள் ஓசையின்றி அமைதியாக நடக்கும் இயல்பே இதற்குக் காரணம். 1996ஆம் ஆண்டு லாவோஸின் லாக் சாவோ என்னும் ஊரில் பெண் சாவோலா ஒன்று பிடித்து வைக்கப்பட்டிருந்தது. அருகிருந்து நோக்கிய ஆய்வாளர் ஒருவர், நாயைக் கண்டால் நடுங்கிய அவ்விலங்கு மனிதர் தம்மைத் தொடுவதற்கும் இடங்கொடுத்தது, கையிலிருந்து இலைகளை வாங்கி உண்டது எனப் பதிவு செய்துள்ளார். சில வாரங்களுக்குள் அது இறந்தது. அப்போது அதன் வயிற்றில் கரு இருந்தது.

உயிராக அன்றி உணவாக

சாவோலாவைத் தொடர்ந்து அம்மலைத்தொடரில் வேறு பல புதிய விலங்குகளும் அறியப்பட்டன. 1994ஆம் ஆண்டு பெருங்கொம்புடைய கேளையாடு ஒன்று வூ குவாங் காட்டிலிருந்தே அறிவிக்கப்பட்டது. லாவோஸின் இறைச்சிச் சந்தை ஒன்றில் கிடந்த முயல்களின் உடலில் கருவரிகள் இருப்பதை ஓர் ஆய்வாளர் கண்டார்; அன்னமைட் வரிமுயல் இவ்வாறு வெளிப்பட்டது. அந்நாட்டுச் சந்தையில் உணவிற்காக விற்கப்பட்ட எலி போன்றதொரு விலங்கு 2005ஆம் ஆண்டு புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகட்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது அது எனப் பின்னர் தெளிந்தனர்.

இவற்றை ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சாவோலா கொம்பாகவும், வரிமுயல் இறைச்சியாகவும் அறிவியலாரின் பார்வைக்கு வந்தன. அக்காடு மனிதன் கால்படாத காடு அன்று. அறிவியலார் கால்படுமுன் வேட்டையாடுவோர் கால்பட்ட காடு.

குறியற்ற கொலை

சாவோலாவிற்குப் பகைவர் யார்? இவ்வினாவிற்குரிய விடை வியப்பளிப்பது. மரபு மருத்துவத்தில் காண்டாமிருகக் கொம்பிற்கும் புலி எலும்பிற்கும் உள்ள விலை சாவோலாவின் உறுப்புகளுக்கு இல்லை. அதனை மட்டுமே தேடிக் கொல்வோரும் அரியர். எனினும் அது மடிகின்றது. காரணம் கம்பிக் கண்ணி.

மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் பிரேக் கம்பி போன்றதொரு துண்டும், வளைக்கத்தக்க இளமரம் ஒன்றும் இருந்தால் கண்ணி அமைந்துவிடும். செடிகொடிகளால் நீண்ட வேலி கட்டி, இடையிடையே வழி விட்டு, அவ்வழிதோறும் கண்ணி வைக்கின்றனர். காட்டுப்பன்றிக்கும் கேளையாட்டிற்கும் புனுகுப்பூனைக்கும் வைத்த கண்ணியில் சாவோலாவின் காலும் சிக்குகின்றது. வைத்தவன் திரும்பி வாராவிடினும் கண்ணி கொல்லும். வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளின் காப்புக் காடுகளில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கலாம் என உலக இயற்கை நிதியம் 2020ஆம் ஆண்டு மதிப்பிட்டது. அவற்றில் சிக்கும் விலங்குகளின் இறைச்சியில் பெரும்பகுதி பசித்தவன் உணவாகச் செல்வதில்லை. நகரத்து உணவகங்களில் செல்வர்தம் ஆடம்பர உணவாகின்றது.

காக்கும் முயற்சிகள்

சாவோலா கண்டறியப்பட்டதும் வூ குவாங் காப்பகம் விரிவாக்கப்பட்டு, மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 2002ஆம் ஆண்டு அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1994இல் இவ்விலங்கின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. ஹுவே, குவாங் நாம் ஆகிய இடங்களில் சாவோலாவின் பெயராலேயே காப்பகங்கள் அமைந்தன. அங்கு 2011ஆம் ஆண்டு முதல் காவலர்கள் நடந்தே சென்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிகளை அகற்றினர். கண்ணிகள் குறைந்தன, ஆயினும் ஒழியவில்லை. அகற்றிய இடத்தில் மறுபடியும் வைப்பது எளிது; செலவும் மிகச் சிறிது.

2013ஆம் ஆண்டு செப்டம்பரில் குவாங் நாம் காட்டில் வைத்த தானியங்கி நிழற்படக் கருவியில் ஒரு சாவோலாவின் உருவம் பதிவாயிற்று. அதன்பின் ஐயத்திற்கிடமற்ற பதிவு எதுவும் கிட்டவில்லை. காட்டில் தன்னியல்பாக உலவும் சாவோலாவை நேரில் கண்ட உயிரியல் அறிஞர் எவரும் இலர். எஞ்சியிருப்பின் அவை நூற்றுக்கும் குறைவாகவே இருக்கும் என மதிப்பிடுகின்றனர்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. அதே நாட்டில், 1990ஆம் ஆண்டிற்குப் பின் எவ்விதச் சான்றும் கிட்டாத வெள்ளிமுதுகுச் சருகுமான் மீண்டும் நிழற்படத்தில் பதிவாயிற்று என 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆதலின் தேடுதலைக் கைவிடலாகாது.

நாம் கொள்ளத்தக்க பாடம்

அரசு ஆணை பிறந்தது, எல்லை வரையறுக்கப்பட்டது, காவலரும் நடந்தனர். இவையாவும் இன்றியமையாதவை. ஆயினும் காட்டிறைச்சியை விரும்பி விலை கொடுப்போர் உள்ளவரை கண்ணி வைப்போரும் இருப்பர். தீமையைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் ஆகிய மூன்றும் தீமையே என நம் பெரியோர் வகுத்துக் காட்டினர். உணவகத்தில் அமர்ந்திருப்பவன் சாவோலாவைக் கண்டதும் இல்லை, கொல்ல நினைத்ததும் இல்லை. ஆனால் அவன் தந்த பொருளே காட்டில் கம்பியாக வளைந்து நிற்கின்றது. நினையாது செய்த கொலையாயினும், இழந்த உயிர் மீளாது.

புதிய உயிரினம் ஒன்று கண்டறியப்பட்டது என்னும் செய்தியைப் படிக்கும்போது நாம் மகிழ்தல் இயல்பு. அம்மகிழ்ச்சியோடு, அது வாழும் காட்டிற்கு இனி என்ன நேரும் என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். நம் நுகர்வில் எப்பொருள் எவ்வுயிரின் துன்பத்தால் வந்தது எனக் கேட்டறிந்து விலக்குவதையும் வழக்கமாகக் கொள்வோமாக. நாம் ஒருபோதும் காணப்போகாத உயிருக்கும் நம்மால் செய்யக்கூடிய காப்பு அதுவே.