நோட்டில் எழுதிய கேள்விகள்

மும்பை தாராவியில் ஓர் அக்கா இருக்கிறார். இட்லி விற்பது அவர் தொழில். அவருக்கு மார்பில் கட்டி வந்தது. சோதித்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

மகள் செல்போனில் தேடிப் பார்த்தாள். "கீமோ ஆபத்து, கஷாயமே போதும்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். "கீமோதான் காப்பாற்றும்" என்றார் இன்னொருவர். அக்காவுக்குக் குழப்பம். தன் கேள்விகளை நோட்டில் எழுதினார். டாக்டரிடம் படித்துக் கேட்டார்.

"கஷாயம் மட்டும் போதுமா, டாக்டர்?"

"போதாதும்மா. அதை நம்பி நாள் கடத்தினால் நோய் பரவிவிடும்."

"கீமோ ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா?"

"இரண்டு வழியும் உண்டு. முன்பே கொடுத்தால் கட்டி சுருங்கலாம். சிலருக்கு மார்பு முழுவதையும் எடுக்க வேண்டி வராது."

"முடி கொட்டுமா?"

"கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். வாந்திக்கு மருந்து உண்டு. ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால் உடனே வாங்க. இரவானாலும் வாங்க. கீமோ சமயத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்."

அக்கா யோசித்தார். "முன்பே கொடுங்கள், டாக்டர்" என்றார். 100.4 என்று நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டார்.

கேட்பது நம் உரிமை. கேட்டுத் தெளிவோம்.

பேசுவோம்:
1. கஷாயத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?
2. எவ்வளவு காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும்? ஏன்?