கூச்சத்துக்காக வாங்காதே, தங்கச்சி

"ஆன்லைன்ல வாங்கினா ஏமாத்திடுவாங்கக்கா, நான் கடைக்கே போயிக்கறேன்" என்று போன வாரம் சொன்னாய். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து அறந்தாங்கிக் கடைத்தெருவுக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் கேட்டது கிடைக்காமல் இருந்ததை வாங்கிவந்தாய். எனக்கு மனசே ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விலை குறைவு என்பதை நான் பெரிய லாபமாகச் சொல்லமாட்டேன். சில பொருள் ஆன்லைனில் குறையும், சில பொருள் கடையிலேயே குறைவாக இருக்கும். பெரிய லாபம், நீ முடிவெடுக்கும்வரை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் யாரும் நிற்பதில்லை என்பதுதான். கல்யாணமான புதிதில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு முப்பது சேலையை விரித்துப் போட்டாள் ஒரு பெண். ஒன்றும் பிடிக்கவில்லை. இத்தனை எடுத்துப் போட்டாளே, வெறுங்கையோடு எப்படி எழுந்திரிப்பது என்று கூச்சப்பட்டு அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தேன். இன்றைக்கும் அது பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அந்தப் பெண்மேல் குறையே இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் அவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான்.

போனில் அந்தக் கூச்சம் இல்லை. பிடித்ததைக் கார்ட்டில் போட்டு இரண்டு நாள் அப்படியே விட்டுவிடு. மூன்றாம் நாள் திறந்து பார். பாதியை நீயே எடுத்துவிடுவாய்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் கிடைத்திருக்கும் பெரிய விடுதலை உள்ளாடை விஷயத்தில்தான் என்பேன். சின்ன ஊர்க் கடைகளில் உள்ளாடைப் பகுதியிலும் பெரும்பாலும் ஆண்களே நிற்பார்கள். அளவைச் சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு, "முப்பத்திநாலு கொடுங்க" என்று ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கி, தோள்பட்டை தடித்து, விலாவில் தழும்பு விழ, வருஷக்கணக்கில் போட்டிருக்கிறோம். அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இஞ்ச் டேப்பால் அளந்து பார். மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவு ஒன்று, மார்பின் சுற்றளவு ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் இஞ்ச் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு முதலில் ஒன்றே ஒன்று வாங்கு. உள்ளாடையைப் பல இடங்களில் திருப்பி எடுப்பதில்லை. சரியாக இருந்தால் மறுபடி அதையே வாங்கிக்கொள். பால் கொடுக்கும் தாய்க்கான உள்ளாடையும், தாத்தாவுக்கு வேண்டிய பெரியவர் டயப்பரும் இப்படித்தான் வாசலுக்கு வரவேண்டும். நாலு பேர் முன்னால் கேட்டு வாங்கவேண்டிய அவசியமே இல்லை.

சுடிதாருக்கும் இதே வழிதான். உனக்கு நன்றாகப் பொருந்தும் ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டிப்பாக்கி எழுதி வை. எல், எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பாதே, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செருப்புக்குச் சாயங்காலம் காகிதத்தில் பாதத்தை வரைந்து அள. அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

ஃபிரிட்ஜ், மிக்ஸி போன்றவற்றில் வசதி வேறு. கடையில் விற்பவர் எதைத் தள்ளிவிட நினைக்கிறாரோ அதைத்தான் புகழ்வார். ஆன்லைனில் நாலு மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் எத்தனை என்பதோடு நிற்காதே. ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஓடும் என்று போட்டிருக்கும், அதைப் பார். எந்த வருஷத்து லேபிள் என்றும் பார். தயாரித்த நாடு, எம்ஆர்பி, எடை அல்லது எண்ணிக்கை எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்பது விதி. காட்டாத பக்கத்தில் வாங்காதே. அடுப்படிக் கதவின் அகலத்தை மறக்காமல் அளந்துகொள்.

கருத்துகளில் ஐந்து ஸ்டாரை விட்டுவிட்டு இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படி. "மூன்று மாதத்தில் மூடி உடைந்தது" என்று எழுதியிருப்பவர் அங்கேதான் இருப்பார். "இன்னும் 10 நிமிஷம்தான்" என்று கடிகாரம் ஓடினால் அவசரப்படாதே. பொய்யாக அவசரம் காட்டுவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் தடுக்க மத்திய அரசு 2023 நவம்பரிலேயே வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் பணம் கட்டும் முன் பில்லை ஒருதரம் படி.

நீ பயந்த ஏமாற்று விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரிகிறமாதிரி வீடியோ எடு. திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று வாங்கும் முன்பே பார். 2020-இல் வந்த மின்வணிக விதிப்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் ஆன்லைன் கம்பெனி சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழை. அதற்கும் மசியாவிட்டால், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீ குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமும் கிடையாது.

பணம் திரும்பி வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, கேட்டால் போனை வை. கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதே, ஆப்புக்குள்ளேயே எடு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழை.

ஆனால் முகூர்த்தப் பட்டும் நகையும் கடையில்தான். தொட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது. தெருமுனை அண்ணாச்சி கடையையும் விட்டுவிடாதே. மாசக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு பொருள் தருபவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வா. இஞ்ச் டேப் கொண்டுவருகிறேன், உன் அளவுகளை நானே எடுத்து எழுதித் தருகிறேன்.