மழையில் மனை பார்

அன்புள்ள செல்விக்கு,

அத்திப்பட்டுப் பக்கம் மனை பார்த்திருப்பதாகவும், வீட்டோடு இரண்டு மாடுகளுக்குக் கொட்டகை போடப்போவதாகவும் எழுதியிருந்தாய். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் வாங்கிவிட்டாயாம், நல்லது. தண்ணீர் எந்த வழியாக வரும், எங்கே நிற்கும் என்பது அவற்றில் இருக்காது. அதற்கு ஐப்பசி, கார்த்திகையில் நேரில் போக வேண்டும். கோடையில் அங்கே எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

அந்தப் பக்கத்துக் கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வெள்ளம் இறங்கும் நேரத்தில் கடல் ஏறியிருந்தால் தண்ணீர் வடியாது, உப்பங்கழியில்தான் பரவும். அந்தக் கழியைப் பல இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பலும் கொட்டிய மண்ணும் தூர்த்துவிட்டன. கழியில் தங்கவேண்டிய நீர் இப்போது ஊருக்குள் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் வீட்டுச் சுவர்களில் கறுப்பாகப் படிந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய நீர்க்கோடு இருக்கிறதா பார். இருந்தால் அளந்துகொள், உன் வீட்டுத் தரை அதற்கு மேலே வரவேண்டும்.

கடப்பாரையால் இரண்டடி தோண்டிப் பார். செங்கல் உடைசலோ, நனைந்தால் சேறாகி உலர்ந்தால் பறக்கும் சாம்பல் நிறத் தூளோ வந்தால், அது கொட்டி நிரவிய இடம். உமரி முளைத்திருந்தால் உப்பு ஏறிய மண். கோரை இருந்தால் அடியில் ஈரம் வற்றுவதில்லை. அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் எந்த மாதத்தில் கரிக்கிறது என்று கேள். மாடும் அதைத்தானே குடிக்கவேண்டும்!

கொட்டகையை வீட்டுக்கு மேற்கே போடு. மாலைக் கடல்காற்று கிழக்கிலிருந்தும் மழைக்கால வாடை வடகிழக்கிலிருந்தும் வருவதால் நாற்றம் வீட்டுக்குள் வராது. ஆடி மேல்காற்றில் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். கோமியம் வடியும் பக்கம் கிணறு இருக்கக் கூடாது.

காற்று சாணி நாற்றத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. செப்பாக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் குளத்தை ஒட்டியே வீடுகள், காற்றடித்தால் சாம்பல் உள்ளே வரும். அதே 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் கடலோரம் அமோனியா குழாய் கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து ஊரே ஓடியது. அதனால் கொட்டகை வாசல் தெருப்பக்கமே இருக்கட்டும். கட்டுத்தறிக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்க்கும்படி சுருக்குப் போடு. வெளியேற இரண்டு பாதை இல்லாத மனையை எந்த விலைக்கும் வாங்காதே.

மார்கழி பிறக்கும்வரை முன்பணம் கொடுக்காதே. விற்பவர் அவசரப்படுத்தினால் எனக்கு போன் போடு, நானும் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா