லயத்து நாயிலிருந்து தொடங்கு

உடும்பஞ்சோலை

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். எம்.வி.எஸ்சி.யில் வனவிலங்குப் பாடம் கிடைத்துவிட்டது என்று உன் அப்பா சொன்னதும் மனசு நிறைந்துபோனது. ஆய்வுக்கு யானையை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான். ஆனாலும் முதல் ஆய்வுக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்து நாய்களை எடு என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. 2004இல் இது தெரிந்தது. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். காட்டில் தேடிய காரணம் தொழுவத்தில் கிடந்தது, பார்த்தாயா? 2018இல் கிர் காட்டில் செத்த சிங்கங்கள் பலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. அது நாய்க்கு வரும் நோய்.

நம் மதிகெட்டான் சோலையை எடுத்துக்கொள். 2003இல் தேசியப் பூங்கா ஆனது, மொத்தமே 12.82 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஏலக்காடு, லயங்கள், அவற்றை அண்டி வாழும் நாய்கள். செந்நாய்க்கும் டிஸ்டெம்பர் வரும். அந்த வைரஸ் பட்டிருக்கிறதா என்று பார்க்கச் செந்நாயின் ரத்தம் எடுக்க வனத்துறை அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் உன் படிப்பே முடிந்துவிடும். நாய்க்கு உன் கல்லூரி நெறிமுறைக் குழுவும் வளர்க்கிறவரும் சம்மதித்தால் போதும்.

லயங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போ. மற்ற நாளில் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு நின்று பேசத் தெம்பு இருக்காது. நாய்க்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முதலில் கேள்; போட்ட நாயின் சீரத்திலும் எதிர்ப்புப்பொருள் காட்டும், கணக்கு தப்பிவிடும். சீரத்தை இங்கேயே பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் போடிமெட்டு இறங்கு. மலையில் கரண்டை நம்பி எந்த ஃபிரிட்ஜிலும் வைத்துவிடாதே. முடிவு வந்ததும் அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல். ரத்தம் எடுத்துப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்ற மனத்தாங்கல் இங்கே இருக்கிறது, அது நியாயமும்கூட.

யானையை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வருமுன் ரேபிஸ் தடுப்பூசியை நீ முழுக்கப் போட்டு முடித்திருக்க வேண்டும். கடைசி ஊசி என்றைக்கு என்று எழுது. அதற்குப் பிறகுதான் லயத்து ஆட்களிடம் உனக்காக நாள் கேட்பேன்.

அன்புடன்,
பெரியப்பா